சிறுவிடைக் கோழி வளர்ப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

கொல்லையில் பத்து, இருபது சிறுவிடை (சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழி) வைத்திருப்பவர்களுக்கானது இது. பெட்டை 1 முதல் 1.3 கிலோ, சேவல் ஒன்றரை முதல் 2 கிலோ. ஐந்தாறு மாதத்தில் முதல் முட்டை. ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும். முட்டைக்கணக்கில் பண்ணைக்கோழிக்குப் பக்கத்தில்கூட வராது. அடைகாத்துக் குஞ்சை வளர்த்து ஆளாக்கும் குணத்தில் அதை வெல்ல ஆளில்லை. நாம் காப்பாற்ற வேண்டியது அந்தக் குணத்தைத்தான்.

"நாட்டுக்கோழிக்கு நோய் வராது" என்ற நம்பிக்கையால் காலியான கொட்டகைகள் ஏராளம். சிறுவிடை வெயிலையும் மழையையும் அரைவயிற்றையும் தாங்கும். வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு மற்றக் கோழியும் அதுவும் ஒன்றுதான்.

எந்தக் கோளாறானாலும் மருந்துக்கடைக்கு ஓடுமுன் மூன்றைப் பாருங்கள். வாடியது ஒரு கோழியா, ஒரே நாளில் பலவா? வயது என்ன? காலையில் திறந்துவிடும்போது இரைப்பை (கழுத்தடியில் தீனி சேரும் பை) எப்படி இருக்கிறது, பரணுக்கடியில் கிடக்கும் எச்சம் என்ன நிறம்? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி போல இருப்பது இயல்பு, அது கோழியின் சிறுநீர் உப்பு. நாளில் சில தடவை பழுப்பு நிறத்தில் பசைபோல நாற்றத்தோடு போவதும் இயல்புதான். இவற்றைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுக்க வேண்டாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, அடுத்தடுத்துச் சாகிறது

தலை தொங்கி, இறக்கை தரையைத் தொட்டு, வாயைத் திறந்து மூச்சுவிடும். ஓரிரு நாளில் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுக்கும். ஒன்றில் ஆரம்பித்து நான்கைந்து நாளில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். இது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். தையில் தொடங்கிக் கோடை முழுக்க இதன் காலம்.

வந்தபின் இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் பொடி கலந்து கொடுப்பது வைரஸை ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டியது: வாடியவற்றை உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். செத்ததைக் குப்பையிலோ ஓடையிலோ வீசாமல் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். நோய் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் சந்தைக் கூடைகளில்தான். பறவைக்காய்ச்சலும் வெறுங்கண்ணுக்கு இதே மாதிரிதான் தெரியும். அதனால் ஒரே நாளில் பல கோழி செத்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

தடுப்பது எளிது. 7ஆம் நாள் எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 28ஆம் நாள் லசோட்டா மறுபடி. 8 வாரம் நிறைந்ததும் ஆர்2பி ஊசி, தோலுக்கடியில் 0.5 மில்லி. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். ஓடிப் பிடிக்க முடியாத கோழிகளுக்கென்று தீவனம்போலத் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

"ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்பவர்கள் இவற்றைச் சரிபாருங்கள். குப்பியை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தீர்களா, சட்டைப்பையிலா? கரைத்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்காது. குடிநீரில் கலப்பதானால் குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத்தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதன்பின் மருந்தைச் சேருங்கள். ஏற்கெனவே வாடியிருக்கும் கோழிக்கு ஊசி போடக் கூடாது. வயிறு நிறையப் பூச்சியோடு இருக்கும் கோழிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது என்பதால் ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்குங்கள். குப்பி 100 கோழிக்கானது, நம்மிடம் இருப்பது பன்னிரண்டு. பக்கத்து நாலு வீட்டைச் சேர்த்து ஒரே நாளில் போட்டால் செலவும் குறையும், தெருவுக்கே காப்பு கிடைக்கும். எட்டு வாரத்துக்குட்பட்ட குஞ்சுக்கு ஆர்2பி போட்டுவிடாதீர்கள், வீரியம் தாங்காது. முட்டையிடும் பெட்டை ஊசிக்குப்பின் சில நாள் முட்டையை நிறுத்தலாம், அது தானே சரியாகும்.

எச்சத்தில் ரத்தம்

மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது, எச்சம் ரத்தமாகவோ காப்பிப்பொடி நிறமாகவோ இருக்கிறது என்றால் ரத்தக்கழிச்சல். காரணம் ஈரத்தரையில் பெருகும் நுண்ணுயிரி. கொல்லையில் மேய்ந்து வளரும் குஞ்சுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஒரே பஞ்சாரத்தடியில் நாள்கணக்கில் அடைத்து, தண்ணீரும் கொட்டி, அடிமண் சொதசொதவென்று கிடந்தால் மொத்தமாக மாட்டிக்கொள்ளும்.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள் கொடுங்கள், பிறகு லிட்டருக்கு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம். கடைக்குக் கடை தூளின் வீரியம் மாறும், உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். அந்த நாட்களில் வேறு தண்ணீர் வைக்காதீர்கள். பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் கூடாது. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்த நுண்ணுயிரிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். டானிக்கைக் கொட்டினால் மருந்து வீண். டானிக் பிறகு கொடுக்கலாம். அடிமண்ணை வழித்தெடுத்து, காய்ந்த உமியோ கடலைத்தோலோ இரண்டு அங்குலம் பரப்பி, தினமும் கிளறிவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே குஞ்சுகள் சாகின்றன

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுகள் செத்தால் பெரும்பாலும் மழை ஈரம், எறும்பு, அல்லது தண்ணீர்த்தட்டு. அகலத்தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், விழுந்து நனையாது. முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் மேடான இடத்தில் பஞ்சாரத்தில் வைத்து, வெயில் ஏறியபின் திறந்துவிடுங்கள்.

இன்குபேட்டர் குஞ்சுகளுக்குத் தாயின் சூட்டை நாம் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவாக. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் 50 குஞ்சுக்கு இரண்டு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பைத் தொங்கவிட்டுவிட்டு "வெளிச்சம் இருக்கே" என்று நினைத்து குஞ்சை இழக்கிறவர்கள் இப்போது அதிகம். எல்இடி சூடு தராது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்குப் போய் வாய் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடிக்கிறது. பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தொப்புள் ஈரமாக, வயிறு உப்பி, கெட்ட நாற்றத்துடன் சாகும் குஞ்சு பொரிப்பிலேயே கிருமி பிடித்தது. அழுக்கு முட்டை வைத்ததாலோ, இன்குபேட்டரைக் கழுவாததாலோ வருவது. கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து எழ முடியாத குஞ்சுக்குக் காரணம் வழுவழு நியூஸ்பேப்பர் தரை. சாக்கு விரியுங்கள். கால்களை இரண்டு விரல் இடைவெளியில் மெல்லிய ஒட்டுத்துணியால் சேர்த்துக் கட்டினால் மூன்று நாலு நாளில் நிற்கும். விரல்கள் உள்ளே மடங்கினால் வைட்டமின் பி2 பற்றாக்குறை, ஆரம்பத்திலேயே டானிக் கொடுத்தால் திருந்தும்.

அடை வைத்தும் பொரிக்கவில்லை

இதற்குத்தான் அதிகம் பேர் தவறான காரணம் சொல்கிறார்கள். 21 நாள் கழித்து, 23ஆம் நாளும் பார்த்துவிட்டு, பொரிக்காத முட்டைகளை வீசாமல் ஒவ்வொன்றாக ஒரு தட்டில் உடையுங்கள். நாற்றமடிக்கும், ஆனாலும் உடையுங்கள். உள்ளே இருப்பதுதான் பதில்.

மஞ்சள்கருவும் வெள்ளையும் பிரிந்து தெளிவாக இருந்தால் கரு கூடவே இல்லை. சேவல் கிழமாகிவிட்டது, அல்லது 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு மீறியது, அல்லது சேவல் ஒரு பெட்டையையே சுற்றுகிறது. மஞ்சள்கருவில் மெல்லிய ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு கூடி, முதல் மூன்று நாலு நாளில் செத்திருக்கிறது. கோடையில் வரும் கூமுட்டையில் பெரும்பங்கு இதுதான். முட்டையை 35 டிகிரி அடுக்களையில் பத்து நாள் சேர்த்துவைத்தால் அடை வைக்குமுன்பே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, தொடர் சூடு கிடைக்காமல் செத்துப்போகும். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று கரித்துண்டு, ஆணி, வரமிளகாய் வைப்பார்கள். வைப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. கோடை இடிமழையும் வெயில் உச்சமும் ஒரே காலத்தில் வருவதால் வெயில் செய்ததற்கு இடி பழி சுமக்கிறது.

வெயிலில் கெடாமல் முட்டையைச் சேர்த்துவைக்க மண்பானை முறை நன்றாக வேலை செய்கிறது. வாயகன்ற பானையில் பாதிக்கு மணல் நிரப்பி ஈரமாக்கி, மேலே சாக்கு விரித்து, கூர்நுனி கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்தி, வாயைத் துணியால் மூடி நிழலில் வையுங்கள். தினம் இரண்டு வேளை மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், முட்டையில் படக் கூடாது. ஏழு நாளுக்குட்பட்ட முட்டையை மட்டும் அடைக்கு வையுங்கள். முட்டையைக் கழுவாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். எச்சம் ஒட்டியதைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு முழுதாக வளர்ந்து, மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகாமல் செத்திருந்தால் கடைசி நாட்களில் கோழி எழுந்து போய்விட்டது, அல்லது இன்குபேட்டரில் சூடு தவறியது. ஓட்டை உடைத்துவிட்டு, காகிதம்போல இறுகிய சவ்வில் சிக்கிச் செத்திருந்தால் ஈரப்பதம் போதவில்லை. காற்றோட்ட விசிறி உள்ள இன்குபேட்டரில் 18 நாள் வரை 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70, அப்போது திருப்புவதையும் நிறுத்திவிட வேண்டும். "பாவம், உதவி செய்வோம்" என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் சவ்வைக் காயவைக்கிறது.

முதலில் பொரித்த ஐந்தாறு குஞ்சோடு தாய் எழுந்துவிட்டது, மிச்ச முட்டையில் அரைவளர்ச்சிக் குஞ்சுகள் என்றால் வேறு பெட்டைகள் அதே கூடையில் பிறகு முட்டையிட்டிருக்கின்றன. அடை வைக்கும் எல்லா முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். தேதி இல்லாததைத் தினமும் எடுத்துவிடுங்கள். ஒரு சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை போதும், மார்கழிக் குளிரில் 9. பெருவிடை (பெரிய உடல்கொண்ட நாட்டுக்கோழி) முட்டையானால் ஆறேழு. பெருவிடைப் பெட்டை தன் எடையால் சொந்த முட்டையையே உடைத்துவிடுவதால் பலர் அதன் முட்டையைச் சிறுவிடைக்கடியில்தான் வைக்கிறார்கள்.

ஏழாம் நாள் இரவு, டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால்போல ரத்தநாளம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள்.

கருக்கூடியும் குஞ்சு பொரிப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால், குஞ்சும் சின்னதாகிக்கொண்டே போனால், அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். சேவலை வேறு ஊர்ச் சிறுவிடையோடு மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இது அவசியம். புதுச் சேவலை மூன்று வாரம் தள்ளி வைத்துப் பார்த்தபிறகே கூட்டத்தில் விட வேண்டும்.

அடையிலிருந்து எழுந்து எழுந்து ஓடுகிறது

நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம்வரை எழுந்து தின்று, குடித்து, கழிந்துவிட்டு வருவது சரி. அதற்குமேல் வெளியே நின்றால் பெரும்பாலும் கூடைக்குள் செல் (ரத்தம் குடிக்கும் சிற்றுண்ணி) ஏறியிருக்கிறது. இரவில் வெள்ளைத்துணியைக் கூடைக்குள் ஐந்து நிமிடம் விரித்து டார்ச் அடித்தால் சிவப்புப் புள்ளிகள் ஊர்வது தெரியும். செல் ராத்திரியில் ரத்தம் குடித்துவிட்டுப் பகலில் மூங்கில் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், அதனால் பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஏமாறுவோம்.

இருட்டியபின் முட்டைகளைப் புதுக் கூடைக்கு மாற்றி, பழைய வைக்கோலைக் கொளுத்துங்கள். புதுக் கூடையில் இரண்டு அங்குலம் காய்ந்த மணலும் சலித்த சாம்பலும், அதன்மேல் வேப்பிலையும் நொச்சியும், அதன்மேல் வைக்கோல். கொட்டகைச் சட்ட இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு அடித்து வேப்பெண்ணெய் தடவுங்கள். கோழி புரள ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்த குழி எப்போதும் இருக்கட்டும்.

அடைக்கே படுக்கவில்லை

இரண்டு மூன்று சுற்று முட்டை தொடர்ந்து இட்டும் அடைக்குக் கேறாத பெட்டையைச் சந்தேகியுங்கள். சிறுவிடை என்று விற்கப்படும் குஞ்சுகளில் வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்களின் கலப்பு நிறையவே ஓடுகிறது. அவை நல்ல கோழிகள்தாம், ஆனால் அடைகாக்கும் குணம் அவற்றில் மங்கிப்போனது. இறகு நிறத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது, சிறுவிடையில் எல்லா நிறமும் உண்டு. உடல் எடை, சின்ன முட்டை (35 முதல் 40 கிராம்), அடைக்குணம், குஞ்சைக் காக்கப் பருந்தின் மேல் பாயும் கோபம், இவைதான் அடையாளம். அடுத்த தலைமுறைக்கான முட்டையை, ஒருமுறையாவது தானே பொரித்துக் குஞ்சை வளர்த்த பெட்டையிடமிருந்து மட்டும் எடுங்கள். இன்குபேட்டரை மட்டுமே நம்பித் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால், அதிக முட்டையிட்டு அடை படுக்காத பெட்டையின் ரத்தமே பெருகும். சிறுவிடை தொலைவது இப்படித்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு: முட்டை இல்லாமலே வெறுங்கூட்டில் வாரக்கணக்கில் படுத்து மெலிகிறது. தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் வேண்டாம். அடியில் காற்றுப் புகும் கம்பிக்கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து தெளிந்துவிடும்.

முட்டை நின்றுவிட்டது

முதலில் நின்றதா, ஒளித்து இடுகிறதா என்று பாருங்கள். பெட்டையைப் பிடித்து ஆசனவாய்க்கு இருபுறமும் உள்ள எலும்பைத் தடவுங்கள். இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி, ஈரமான அகன்ற துவாரம் என்றால் இடுகிறது. வைக்கோல்போரிலோ வேலியடியிலோ தேட வேண்டியதுதான். காலை 11 மணிவரை பஞ்சாரத்தில் வைத்தால் கூடைக்குப் பழகும். இடைவெளி ஒரு விரல்தான், துவாரம் வறண்டிருக்கிறது என்றால் உண்மையாகவே நின்றிருக்கிறது.

கூடவே இறகு உதிர்ந்தால் அது இறகு மாற்றும் காலம், கடலைப்புண்ணாக்கோ கரையானோ கூடுதலாகக் கொடுத்துக் காத்திருங்கள். கடும் வெயிலில் தீவனம் குறைந்து முட்டையும் குறையும், தீவனத்தை விடியலிலும் பொழுதடையவும் வையுங்கள். மெலிந்து கொண்டை வெளுத்திருந்தால் குடற்புழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும்வயிற்றில் மருந்து கொடுங்கள். அளவைக் கோழியின் எடைக்கு மருத்துவர் சொல்வார், அந்த முட்டையைச் சில நாள் சாப்பிடக் கூடாது. தோல்முட்டை வந்தால் கிளிஞ்சல்தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம்

அம்மை. கொசு பரப்புவதால் மழைக்குப்பின் வரும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதற்குள்தான் வைரஸ். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, கண் மூடிப்போன குஞ்சுக்குக் கையால் ஊட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பிழைத்துவிடும். குஞ்சுகள் சாவது அம்மையால் மட்டுமல்ல, கண் தெரியாமல் பட்டினி கிடந்தும்தான். வாய்க்குள் மஞ்சள் படலம் வந்து மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி உண்டு.

கொரகொர மூச்சு, முகவீக்கம்

ராத்திரி அமைதியில் கொட்டகை பக்கத்தில் நின்று கேளுங்கள். கொரகொரப்பு கேட்டு, சாவு குறைவாக, வாரக்கணக்கில் இழுத்தால் நாள்பட்ட சளிநோய். ஒரு கண்ணுக்கடியில் வீங்கி, மூக்கில் நாற்றமான சளி வடிந்தால் கொரைசா. இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும், எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இரண்டாம் நாளே தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். அடைத்த கொட்டகையில் எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தால் மருந்துக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

நொண்டுகிறது

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுக்கும் இளங்கோழிக்கு மேரக்ஸ் வைரஸ். குணமாகாது. பொரித்த நாளே தடுப்பூசி போட்டால்தான் உண்டு. கால் செதில் தூக்கிச் சொரசொரவென்று வெள்ளை படிந்தால் செதிலுக்கடியில் செல். வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, வேப்பெண்ணெயை வாரம் ஒருமுறை நாலு வாரம் பூசுங்கள்.

காலையிலும் இரைப்பை கெட்டியாக இருக்கிறது

ராத்திரிக்குள் இரைப்பை காலியாக வேண்டும். நீளப்புல்லோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கும். நல்லெண்ணெய் 3 மில்லி ஊட்டி, மெதுவாகப் பிசைந்துவிட்டு, அரைநாள் தீவனம் வைக்காமல் தண்ணீர் மட்டும் கொடுங்கள். தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய் அங்கேயே செத்துவிடும்.

குஞ்சு எண்ணிக்கை குறைகிறது

பகலில் சுவடே இல்லாமல் போனால் காக்கை, பருந்து. முருங்கை, கொய்யா நிழலில் மேய விடுங்கள், திறந்தவெளி வேண்டாம். ராத்திரி தலையைக் கடித்து, பல கோழியைக் கொன்றுபோட்டிருந்தால் கீரியோ மரநாயோ. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு. கையைக் கூடைக்குள் விடுமுன் டார்ச் அடிப்பது நம் உயிருக்கு நல்லது. அறுகோணக் கோழிவலையை மரநாய் கிழித்துவிடும், அரை அங்குல வெல்டுமெஷ் போட்டு, அடியில் ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள்.